உருக்காலை முதல் நம் மொட்டைமாடி வரை: ஆக்சிஜன் செய்யும் வேலை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர இயலாதவர்களுக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



அடுத்த மாதம் நம் வளாகத்தில் இரண்டு வேலைகள் நடக்க இருக்கின்றன. பி பிளாக் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம் துருப்பிடித்துவிட்டது. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடப் போகிறார்கள். கீழே சம்ப்பைச் சுத்தம் செய்து உள்பூச்சு அடிக்கும் வேலையும் இருக்கிறது. முதல் வேலைக்காக ஆக்சிஜன் சிலிண்டர் வளாகத்துக்குள் வரும். செயலாளர் என்னிடம், "சார், நீங்க உருக்காலையில இருந்தவர். ஜாக்கிரதையா இருக்கறது பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க" என்றார்.

ஜாக்கிரதையை மட்டும் சொன்னால் அது வாட்ஸ்அப்பில் வரும் இன்னொரு ஃபார்வர்டு ஆகிவிடும். படிப்போம், கட்டைவிரலைக் காட்டுவோம், மறந்துவிடுவோம். காரணம் தெரிந்தால்தான் மனதில் நிற்கும். அதனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு, உருக்காலை, கண்ணாடி ஆலை வழியாக நம் மொட்டைமாடிக்கு வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். ஆக்சிஜன் எரியாது. பலரும் அதைப் பெட்ரோல் போல, சமையல் எரிவாயு போல நினைக்கிறார்கள். அது எரிபொருள் இல்லை. மற்றவற்றை எரிய வைப்பது. நாம் சுவாசிக்கும் காற்றில் அது 21 சதவீதம். 78 சதவீதம் நைட்ரஜன். இந்த நைட்ரஜன் பெரிதாக ஒன்றும் செய்யாது, கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும். ஆனால் அப்படி நிற்பதால்தான் அடுப்பில் இருக்கும் தீ அடுப்பிலேயே இருக்கிறது, குத்துவிளக்குத் திரி நிதானமாக எரிகிறது. நைட்ரஜனை விலக்கிவிட்டால் அதே தீ வேறு மிருகம். உலோகத் தொழிலும் கண்ணாடித் தொழிலும் ஆக்சிஜனைத் தேடிப் போனது இதற்காகத்தான். நைட்ரஜனைக் கழித்துவிட்டு, வேகத்தையும் சூட்டையும் வாங்கிக்கொள்வது.

எஃகை எடுத்துக்கொள்வோம். ஊதுலையிலிருந்து வரும் இரும்புக் குழம்பில் கார்பன் 4 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அப்படியே வார்த்தால் அது கல்லைப் போல உடையும், கம்பியாக வளையாது. வீட்டுக்குப் போடும் கம்பியில் கார்பன் 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீதியை எரித்து வெளியேற்ற வேண்டும். 1856இல் ஹென்றி பெஸ்ஸிமர் என்ற ஆங்கிலேயர், குழம்பின் அடியிலிருந்து காற்றை ஊதி இதைச் செய்து காட்டினார். விறகு வேண்டாம், கரி வேண்டாம். குழம்பில் இருக்கும் கார்பனும் சிலிக்கானும் எரியும் சூடே போதும். உலகமே வியந்தது. ஆனால் காற்றோடு நைட்ரஜனும் உள்ளே போய், கொஞ்சம் எஃகிலேயே கரைந்து தங்கிவிட்டது. அதனால் எஃகு நொறுங்கும் தன்மை பெற்றது. சுத்தமான ஆக்சிஜன் கிடைத்தால் இந்தத் தொல்லை இருக்காது. மலிவாகக் கிடைக்க வழி இல்லை.

அந்த வழியைத் திறந்தவர் கார்ல் வான் லிண்டே என்ற ஜெர்மானியர். காற்றைக் குளிரவைத்துத் திரவமாக்கி, சாராயம் வடிப்பது போல் கொதிநிலை வித்தியாசத்தை வைத்துப் பிரித்தார். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும், ஆக்சிஜன் மைனஸ் 183இல். பதின்மூன்று டிகிரி வித்தியாசம்தான். 1902இல் இப்படி ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தார். இன்றும் பெரிய ஆலைகளில் அந்த அடிப்படைதான் ஓடுகிறது. அதன்பின் இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து, 1952இல், ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் சுத்த ஆக்சிஜனை ஊதி எஃகு செய்யும் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதே நாட்டின் டோனவிட்ஸில். இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்து எல்.டி. முறை என்கிறோம். இந்தியாவில் இதை முதலில் கொண்டுவந்தது ரூர்கேலா.

அந்தக் காட்சியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மூன்று மாடி உயரத்துக்கு ஒரு பாத்திரம், உள்ளே செங்கல் பூச்சு. அதில் 150 டன் குழம்பு. மேலிருந்து தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் ஒரு குழாய் இறங்கும். லான்ஸ் என்போம். அதன் நுனியிலிருந்து ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் ஆக்சிஜன் குழம்பின் மேல் பாயும். 15, 20 நிமிடம். 1,300 டிகிரியில் இருந்த குழம்பு 1,650 டிகிரிக்கு ஏறிவிடும். ஒரு சொட்டு எண்ணெயோ ஒரு கூடை கரியோ எரிக்காமல்! சூடு அதிகமாகிவிடும் என்று பழைய இரும்பு ஸ்க்ராப்பை உள்ளே போட்டுக் குளிரவைப்போம். ரசம் கொதித்து வழியப் போகிறது என்று ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவது போல. நம் பழைய பேப்பர்காரர் எடுத்துப் போகும் இரும்புக்கும் அங்கே வேலை உண்டு. (சின்ன உருட்டாலைகள் ஸ்க்ராப்பை மின்சார உலையில் உருக்கிக் கம்பி போடுகின்றன, அங்கே இந்த ஊதல் கிடையாது.)

இப்போது ஒரு கணக்கு. ஒரு டன் எஃகுக்குச் சுமார் 50 கனமீட்டர் ஆக்சிஜன் வேண்டும். 150 டன்னுக்கு 7,500 கனமீட்டர். ஆள் உயரச் சிலிண்டர் ஒன்றில் அடைப்பது 7 கனமீட்டர். ஆக, இருபது நிமிடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிலிண்டர் காலி. ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் நாள் முழுக்கக் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு சிலிண்டர் ஆகும். அதாவது ஆலையில் ஒரு முறை ஊதும் ஆக்சிஜன், ஆயிரம் பேருக்கு ஒரு நாள் மூச்சு.

2021 ஏப்ரல் உங்களுக்கு நினைவிருக்கும். நம் வளாகத்திலும் அந்த மாதம் யாருமே தூங்கவில்லை. "ஆலையில் இவ்வளவு இருக்கிறதே, ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை?" என்று என்னைக் கேட்காதவர் இல்லை. மத்திய அரசு ஏப்ரல் 22 முதல் தொழிற்சாலைகளுக்கு ஆக்சிஜன் கொடுப்பதை நிறுத்தியது. முதலில் ஒன்பது துறைகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. உருக்காலையும் அதில் ஒன்று. மூன்று நாளில், திரவ ஆக்சிஜனை மருத்துவம் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஆலைகள் கொடுத்தன. சிக்கல் வேறு இடத்தில். ஆலை தன் கன்வெர்ட்டருக்கு ஆக்சிஜனை வாயுவாகக் குழாயில் அனுப்புகிறது. ஊருக்கு ஊர் எடுத்துப்போக அது திரவமாக வேண்டும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 860 லிட்டர் வாயுவாக விரியும் என்பதால் அதுதான் சிக்கனம். எல்லாவற்றையும் உடனே திரவமாக்கும் வசதி ஆலைகளில் இல்லை. திரவத்தை ஏற்ற மைனஸ் 183 டிகிரியைத் தாங்கும் டேங்கர் வேண்டும். அவை நாட்டில் போதவில்லை. ஆலைகள் பெரும்பாலும் கிழக்கே: ரூர்கேலா, துர்காபூர், ஜாம்ஷெட்பூர், விசாகப்பட்டினம். மூச்சுக்குத் தவித்தவர்கள் டெல்லியிலும் மும்பையிலும். அதனால்தான் டேங்கர்களை ரயிலில் ஏற்றி ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ் விட்டார்கள். காலி டேங்கர்களை விமானப்படை விமானத்தில் ஏற்றிப் போனார்கள். நிரம்பியதை விமானத்தில் ஏற்ற முடியாது. நைட்ரஜன், ஆர்கான் டேங்கர்களைக் கழுவி ஆக்சிஜனுக்கு மாற்றினார்கள். ஊருக்கு ஊர் டேங்கரும் சேமிப்புத் தொட்டியும் முன்பே இருந்திருந்தால் எத்தனையோ குடும்பம் பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

அந்த நாட்களில் இன்னொரு கேள்வியும் வந்தது. தூத்துக்குடியில் மூடிக்கிடந்த தாமிர ஆலையில் ஆக்சிஜன் உற்பத்திக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. "தாமிர ஆலைக்குள் ஆக்சிஜன் கூடம் எதற்கு?" என்றார்கள். தாமிரத் தாதுவில் கந்தகமும் இரும்பும் கலந்திருக்கும். ஆக்சிஜன் சேர்த்த காற்றை ஊதினால் அவை எரிந்து, அந்தச் சூட்டிலேயே தாது உருகும். எஃகில் கார்பன் செய்ததை இங்கே கந்தகம் செய்கிறது. அந்த ஆலையைப் பற்றிய வழக்கும், 2018இல் அங்கே பறிபோன உயிர்களும் பெரிய விஷயம். இந்தப் பேச்சில் அடக்க முடியாது.

சமையலறைக்கு வருவோம். எவர்சில்வர் தட்டில் சுமார் 18 சதவீதம் குரோமியம் இருக்கும். துருப்பிடிக்காததற்கு அதுதான் காரணம். கார்பனை எரிக்கலாம் என்று ஆக்சிஜனை ஊதினால், விலை உயர்ந்த குரோமியமும் சேர்ந்து எரிந்து கசடாகப் போகும். இதற்குக் கண்டுபிடித்த தந்திரம், ஆக்சிஜனோடு ஆர்கானைக் கலந்து ஊதுவது. ஆர்கான் கலந்தால் கார்பன் எரியும், குரோமியம் பெரும்பாலும் தப்பிக்கும். 1968இல் அமெரிக்காவில் முதல் ஆலை ஓடியது. எவர்சில்வர் இன்று நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆர்கானும் காற்றில் இருப்பதுதான், ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதே ஆக்சிஜன் கூடத்தில்தான் அதையும் பிரிக்கிறார்கள்.

கண்ணாடிக்கு வேறு கதை. மணல், சோடா, சுண்ணாம்பு சேர்த்து 1,500 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். காற்றில் எரித்தால் ஐந்து பங்கில் நாலு பங்கு நைட்ரஜன். உலைக்குள் சும்மா போய், சூட்டை வாங்கிக்கொண்டு, புகைபோக்கி வழியாக வெளியேறும். ஷேர் ஆட்டோவில் ஐந்து பேர் ஏறி, நாலு பேர் காசு கொடுக்காமல் இறங்கினால் ஓட்டுநர் பாடு எப்படி இருக்கும்? அதே பாடுதான் உலைக்கும். போகிற சூட்டைச் செங்கல் அறைகளில் பிடித்துத் திருப்பும் ஏற்பாடு பழைய உலைகளிலேயே உண்டு. சில ஆலைகள் அதற்கும் மேலே போய், காற்றை நிறுத்தி ஆக்சிஜனிலேயே எரிக்கின்றன. எரிபொருள் குறையும், நைட்ரஜன் ஆக்சைடு புகையும் வெகுவாகக் குறையும். ஆக்சிஜன் தயாரிக்க மின்சாரம் செலவாகும் என்பதால் எல்லோருக்கும் இது லாபமில்லை.

ஊசிமருந்து ஆம்பூலைப் பார்த்திருப்பீர்கள். அது போரோசிலிகேட் கண்ணாடி. சாதாரண எரிவாயுத் தீயில் வேண்டிய வேகத்தில் இளகாது. எரிவாயுவோடு ஆக்சிஜன் சேர்ந்த சின்னச் சின்னத் தீநாக்குகள் சுற்றி நின்று குழாயை இளக்கி, இழுத்து, மூடுகின்றன. 2021இல் விலக்குப் பெற்ற ஒன்பது துறைகளில் ஆம்பூல், வயல் தயாரிப்பும் ஏன் இருந்தது என்று இப்போது புரியும். மருந்து இருந்தும் அடைக்கக் குப்பி இல்லாவிட்டால் என்ன செய்வது?

வேடிக்கை என்னவென்றால், நம் ஜன்னல் கண்ணாடி வார்க்கும் இடத்தில் ஆக்சிஜனை எட்டியும் பார்க்க விடமாட்டார்கள். உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தகடாக்குவது இன்றைய முறை. ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் அப்படித்தான் தயாராகிறது. ஆக்சிஜன் பட்டால் வெள்ளீயம் கறுத்துப்போய்க் கண்ணாடியில் ஒட்டும். அதனால் அங்கே நைட்ரஜனும் கொஞ்சம் ஹைட்ரஜனும்தான்.

இப்போது நம் மொட்டைமாடி.

கேஸ் கட்டிங்கில் இரும்பை உருக்கி வெட்டுகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் இரும்பு எரிகிறது. முதலில் எரிவாயுத் தீயால் ஓரிடத்தைச் சிவக்கச் சூடாக்குவார்கள், 900 டிகிரி அளவுக்கு. பிறகு விசையை அழுத்தினால் சுத்த ஆக்சிஜன் பீறிடும். அந்த இடத்தில் இரும்பே எரிபொருளாகி எரிந்து, ஆக்சைடாக ஓடிவிடும். எவர்சில்வரை இப்படி வெட்ட முடியாது. குரோமியம் ஆக்சைடு மேலே மூடிக்கொள்ளும். நம் மாடிப்படிக் கைப்பிடியைக் கிரைண்டரில் அறுத்தது அதனால்தான்.

இரும்பையே எரிக்கும் வாயு எண்ணெய்த் துணியை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். சிலிண்டருக்குள் 150 கிலோ அழுத்தம். வால்வைச் சட்டென்று திறந்தால் ரெகுலேட்டருக்குள் வாயு திடீரென்று நெருங்கிச் சூடாகும். சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அடிப்பக்கம் சுடுமே, அது போல, பல மடங்கு. அங்கே ஒரு துளி கிரீஸ் இருந்தால் தானாகவே பற்றும். தீப்பெட்டி தேவையில்லை. வால்வு இறுகிவிட்டது என்று எண்ணெய் விடுவது, மசியான கையால் தொடுவது, இவை எதுவும் கூடாது. நம் ஆட்களில் யாராவது உதவப் போகிறேன் என்று போய்த் தேங்காய் எண்ணெய்க் கையோடு பிடித்துவிடப் போகிறார்கள்.

அதைவிட நான் பயப்படுவது சம்ப்பைப் பற்றி. உள்ளே இறங்கியவருக்கு மூச்சு முட்டுகிறது, வியர்க்கிறது. மேலே ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கிறது. "கொஞ்சம் திறந்துவிடு, நல்ல காற்று வரட்டும்" என்று யாருக்காவது தோன்றும். நல்ல எண்ணம்தான். நம் சம்ப் 20,000 லிட்டர், அதாவது 20 கனமீட்டர். சிலிண்டரில் ஏழில் ஒரு பங்கைத் திறந்துவிட்டாலே உள்ளே ஆக்சிஜன் 21இலிருந்து 25 சதவீதத்துக்குப் போய்விடும். 23.5ஐத் தாண்டினாலே ஆபத்தான இடம் என்பது பாதுகாப்புக் கணக்கு. மூக்குக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. வாசனை இல்லை, நிறமில்லை. சட்டை நூலுக்குள் அது தங்கும். பூச்சு மருந்தின் ஆவியும் இருக்கும். ஒரு பொறி போதும். 1967 ஜனவரியில் அமெரிக்காவின் அப்போலோ 1 விண்கலத்தைத் தரையில் வைத்துச் சோதித்தபோது, சுத்த ஆக்சிஜன் நிரப்பிய அறைக்குள் தீப்பிடித்து மூன்று விண்வெளி வீரர்கள் மாண்டார்கள். கதவைத் திறக்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. சம்ப்புக்கு ஊதுகாற்று வேண்டும் என்றால் புளோயர் வைத்து வெளிக்காற்றை அனுப்ப வேண்டும். இறங்குமுன் உள்காற்றைக் கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். அதே காரணத்தால், சட்டையில் தூசி தட்டுவதற்கும் ஆக்சிஜன் குழாயை யாரும் பயன்படுத்தக் கூடாது. வெயிலில் வேலை செய்பவர் முகத்தில் ஊதிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன், அப்போதே தடுத்துவிடுங்கள்.

அடுத்தது வீட்டுக்குள் இருப்பது. 2021இல் வாங்கிய கான்சன்ட்ரேட்டர் நம்மில் சில வீடுகளில் கட்டிலடியில் இருக்கிறது. பெரியவர்களுக்காக இப்போதும் தினமும் ஓட்டும் வீடுகளும் உண்டு. அந்தப் பெட்டி செய்வதும் ஆலை செய்வதுதான்: உள்ளே சியோலைட் மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் வெளியே வரும். அது தானாக வெடிக்காது. ஆனால் மூக்குக் குழாயைத் தலையணை மேல் வைத்துவிட்டு, ஓடவிட்டபடி எழுந்து போனால், தலையணையும் போர்வையும் ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும். பூஜை விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள், அடுப்பு, பீடி சிகரெட் எல்லாம் குறைந்தது பத்தடி தள்ளி. மூக்கு வறண்டால் வாஸ்லின் தடவாதீர்கள். தண்ணீர் அடிப்படையிலான களிம்பு எது என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். இதைச் சொல்வதால் பயந்து யாரும் தாத்தா பாட்டியின் ஆக்சிஜனை நிறுத்திவிட வேண்டாம். விளக்கை நகர்த்துங்கள், பெட்டியை அல்ல.

ஒப்பந்ததாரரோடு செயலாளரும் நானும் உட்கார்ந்து பேசியதையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு. அசிட்டிலீன் மெரூன் நிறம். இரண்டும் மூடியோடு வர வேண்டும், நிற்கவைத்துச் சங்கிலியால் கட்ட வேண்டும், வேலை இல்லாதபோது தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். லிஃப்டில் ஆட்களோடு ஏற்றக் கூடாது. வீட்டுச் சமையல் சிலிண்டரைக் கொண்டு வெட்டுவதற்கு நம் வளாகத்தில் அனுமதி இல்லை. தீ திரும்பி ஓடாமல் தடுக்கும் கருவி, ஃபிளாஷ்பேக் அரெஸ்டர், இரண்டு குழாயிலும் இருக்க வேண்டும். காட்டாமல் வேலை தொடங்க முடியாது. பொறி முப்பது முப்பத்தைந்து அடி வரை உருண்டு போகும் என்பதால் மொட்டைமாடியில் இருக்கும் பழைய சோபா, அட்டைப் பெட்டி, காய்ந்த செடித்தொட்டி எல்லாவற்றையும் முதல் நாளே எடுத்துவிட வேண்டும். யாருடையது என்று சொல்லவில்லை, உரியவர்களுக்குத் தெரியும். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஒருவர் தீயணைப்பானோடு அங்கேயே இருப்பார். சம்ப் வேலையும் வெட்டும் வேலையும் ஒரே நாளில் நடக்காது. ஆக்சிஜன் சிலிண்டர் வெளியே போன பிறகுதான் சம்ப் திறக்கப்படும்.

தேதி முடிவானதும் நோட்டீஸ் பலகையில் போடுவார்கள். பி பிளாக் நான்காவது மாடியில் இருப்பவர்கள் அன்று காலை 9 மணிக்குமுன் கொடியில் காயும் துணியை எடுத்துவிடுங்கள். கான்சன்ட்ரேட்டர் ஓட்டும் வீடுகள் பிளாக் எண்ணையும் வீட்டு எண்ணையும் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால், அன்று மின்சாரம் நிறுத்த வேண்டி வந்தால் உங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க முடியும்.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.